மாலை போடாத நான்கு வாரம்

திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், மீலாடி நபி, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி. டாஸ்மாக் கடைகளுக்கு விடுமுறை என்று அரசு வழக்கமாக அறிவிக்கும் நாள்கள் இவ்வளவுதான். தீபாவளி இந்தப் பட்டியலில் கிடையாது. அன்றும் நண்பகல் 12 மணிக்குக் கடை திறக்கும், இரவு 10 வரை விற்கும்.

அர்ச்சுனா ஆற்றின் அணையை ஒட்டிய ஆனைக்குட்டத்துக்கும் சிவகாசியைச் சுற்றிய மற்ற பட்டாசு ஊர்களுக்கும் இது இன்னும் கொஞ்சம் பெரிய விஷயம். மற்ற ஊர்களில் தீபாவளி ஒருநாள் பண்டிகை. இங்கே அது ஓர் ஆண்டு வேலையின் கடைசி நாள். ஆலைகள் மூடியிருக்கும், போனஸ் கையில் வந்திருக்கும், அடுத்த பூஜை போட்டு வேலை தொடங்கப் பல நாள் ஆகும். அதுவரை காலையில் எழுந்து போவதற்கு இடமில்லை. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது. கார்த்திகை பிறந்தது நவம்பர் 17-இல். இடையே சரியாக நான்கு வாரம்.

கார்த்திகையை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? அன்று சபரிமலைக்கு மாலை போட்டவரை யாரும் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள். “சாமி, நீங்க போங்க” என்று வழிவிடுவார்கள். கயிறு கட்டிச் சத்தியம் செய்தவருக்கும் அந்த மரியாதை உண்டு. மஞ்சள் காமாலை வந்தவருக்கும் உண்டு. ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல், “எனக்கு வேண்டாம்ணே” என்று மட்டும் சொல்கிறவரைத்தான் விடமாட்டார்கள். “ஒரு கட்டிங்தான மாப்ள”, “சும்மா கம்பெனிக்கு உக்காரு”, “பெரிய ஆளாயிட்டியோ” என்று தொடங்கிவிடும். சாமியையும் வைத்தியரையும் மதிக்கும் கூட்டம் ஒரு மனிதனின் சொந்த விருப்பத்தை மதிக்காதது வேடிக்கைதான்.

இத்தனைக்கும் குடிக்காதவர்தான் பெரும்பான்மை. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் குடிப்பவர் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ‘எல்லாரும்தான் குடிக்கிறாங்க’ என்பது பாரில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிகிற கணக்கு.

மறுக்க நினைப்பவருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, ஏதாவது மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்பது. ஒரு நாளைக்கு அது செல்லும், நான்கு வாரத்துக்குச் செல்லாது. கூட்டம் கூடும் முன்பே, யார் உங்களை அதிகம் நெருக்குவாரோ அவரிடம் தனியாகச் சொல்லிவிடுவது மேல். நாலு பேர் முன்னால் வற்புறுத்துகிற மாமனோ பங்காளியோ தனியாகக் கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். கையில் கலர் பாட்டிலோ மோரோ இருக்கட்டும். வெறும் கையைப் பார்த்தால்தான் ஊற்றத் தோன்றும். ஆட்டுக்கறி வெந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். கறிக்கும் சரக்குக்கும் முடிச்சுப் போட்டது நாம்தான்.

குடிப்பது என்று முடிவெடுத்தவருக்கும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 180 மில்லி குவார்ட்டரில், 42.8 விழுக்காட்டுச் சரக்கென்றால், தூய சாராயம் சுமார் 60 கிராம். ஈரல் அதை மணிக்கு ஏழெட்டு கிராம் வீதம்தான் கரைக்கும். காபி, எலுமிச்சைச் சாறு, பச்சைத்தண்ணீர்க் குளியல், பழைய சோறு எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. மோர் தாகத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். 65 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு 10 மணிக்குள் ஒரு குவார்ட்டரை முடித்தால், ரத்தத்தில் அது வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்புக்கு இறங்கவே விடிகாலை 5 மணி ஆகலாம். அந்த வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்.

இரண்டு குவார்ட்டர் என்றால்? கங்கா ஸ்நானம் முடித்து, புதுச்சட்டை போட்டு, காலை 10 மணிக்குப் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து மாமியார் வீட்டுக்கு வண்டி எடுக்கும்போதும், வரம்பைப்போல மூன்று மடங்கு ரத்தத்தில் இருக்கும். உடம்புக்கு உடம்பு இது மாறும் என்றாலும் ‘நேத்துக் குடிச்சது நேத்தோட போச்சு’ என்பது உண்மையில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போனஸில் பெரிய பங்கு அங்கேயே போய்விடும்.

ஐப்பசி மழையில் அணையிலும் கண்மாய்களிலும் தண்ணீர் ஏறியிருக்கும். போதையில் குளிக்க இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெடி செய்து பழகிய கை என்பதால் போதையிலும் பற்றவைக்கலாம் என்ற துணிச்சலும் அப்படித்தான். திரியின் வேகம் மாறாது, விலகி ஓடும் காலின் வேகம்தான் மாறும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நல்லது என்று நினைத்துச் செய்யும் ஒன்றில் இருக்கிறது. மூன்று நான்கு வாரம் தினமும் குடித்தவர், அல்லது ஆண்டு முழுக்கக் குடித்தவர், கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்துகிறார். குடும்பமே மகிழ்கிறது. ஆனால் மறுநாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரியும், காதில் குரல் கேட்கும், ஆளும் நேரமும் குழம்பும். சாமி குத்தம் என்றோ காத்து கருப்பு என்றோ நினைத்து வீட்டில் வைத்திருந்தால் உயிரே போகலாம். குடியை நம்பியே இயங்கிய மூளை, அது திடீரென நின்றதும் தறிகெட்டுப் போவதால் வருவது இது; மருத்துவமனையில் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்துக் கட்டுப்படுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை போடும் முன் மருத்துவரைப் பாருங்கள் என்கிறேன். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் 108. பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் 104, 14416, போதை மீட்புக்கென்றே 14446.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று விற்கும் பொடிகளை வாங்க வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையில் உண்டு. ஆனால் அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நிற்கும் அளவுக்குப் போகலாம். எடுப்பவருக்குத் தெரிந்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. இந்த ஊர்களில் பெண்களும் ஆலைக்குப் போய்ப் போனஸ் வாங்குகிறவர்கள்; அந்தப் பணம் பொடிக்குப் போவதைவிடப் பிள்ளை பேரில் வங்கியில் கிடக்கலாம்.

பிறகு ஆலை திறக்கும் நாள் வரும். போதையில் இருப்பவரை வெடிபொருள் வேலையில் அமர்த்தக் கூடாது என்று வெடிபொருள் விதிகள் 2008 சொல்கின்றன. முதல் நாள் இரவு குடித்தவர் காலையில் தெளிவாகத்தான் பேசுவார். மருந்து கலக்கும் கையில் நடுக்கம் மிச்சமிருக்கும். உராய்வே போதும் என்கிற பொருளுக்கு முன்னால் அந்த நடுக்கம் சின்ன விஷயமில்லை, பக்கத்து அறையில் இருப்பவருக்கும் சேர்த்து. வாசலிலேயே போர்மேன் முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பலாம். ஆனால் அன்றைய கூலி போய்விடும் என்றால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மருந்தறைக்குப் பதிலாகப் பெட்டி ஒட்டும் வேலையோ, அதுவும் முடியாதென்றால் அரைநாள் கூலியோ கொடுப்பது முதலாளிக்கு நட்டமாகத் தெரியலாம். ஆண்டுக்கு ஒருமுறை, திறக்கிற வாரத்துக்கு மட்டுமாவது அதைச் செய்து பார்க்கலாம்.