மஹய்யாவ மேட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மஹய்யாவவில் எமது அயலில் வாழ்வோருக்குக் கடிகாரம் வேண்டுவதில்லை. கோயில் மணியோசை அடங்கிச் சிறிது நேரத்திற்கெல்லாம் எமது வீட்டு முற்றத்திலிருந்து வேறோர் ஓசை எழும். முதலில் ஓர் இருமல். பின்னர் ஒரு பெருமூச்சு. அதன் பின்னர் உரலில் நெல் குற்றுவது போன்று நிதானமான 'டக், டக், டக்' என்னும் ஒலி. "வாத்தியார் கிழவியை எழுப்பிவிட்டார்" என்று அயலவர் கூறிச் சிரிப்பர். அவர்கள் கிழவி என்பது எமது இல்லக்கிழத்தியை அன்று. எமது தந்தையார் 1949ஆம் ஆண்டில் இரண்டாங் கையாக வாங்கிய பி. எஸ். ஏ. எம்-20 மோட்டார் சைக்கிளையே!

அண்மையில், அக்கிழவியை விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்னும் வினா எமது குடும்பத்தில் எழுந்தது. அதற்கு நாம் கண்ட விடையைக் கூறுமுன், அவ்வண்டியின் குலத்தையும் குணத்தையும் வாசக நேயர்களுக்கு அறிமுகஞ் செய்து வைத்தல் முறையாகும்.

துப்பாக்கிக் குலத்தில் உதித்தது

இங்கிலாந்திலுள்ள பேர்மிங்காம் நகரில் துப்பாக்கி செய்து பிழைத்த கம்மியர் பலர் ஒன்றுகூடி 1861ஆம் ஆண்டில் ஒரு கொம்பனியை நிறுவினர். 'பேர்மிங்காம் சிற்றாயுதக் கொம்பனி' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே பி. எஸ். ஏ. என்பன. துப்பாக்கி செய்த கைகள் பின்னர் துவிச்சக்கர வண்டி செய்தன. 1910ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிளும் செய்தன. எம்-20 என்னும் வகை 1937இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்கென அவ்வகையில் சுமார் 1,26,000 வண்டிகள் செய்யப்பட்டனவாம். 1955 வரை அதன் உற்பத்தி நீடித்தது.

அக்காலத்துப் படைகளில் செய்தி கொண்டோடிய வீரர்கள் நோட்டன், மெட்ச்லெஸ், ஏரியல், ரோயல் என்பீல்ட் முதலிய வண்டிகளையும் செலுத்தினர். 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் எமது கண்டிக்கு அணித்தாயுள்ள பேராதனைப் பூங்காவில் வந்தமர்ந்ததை மூத்தோர் கூறக் கேட்டிருப்பீர்கள். எமது வண்டியும் போர்க்கோலம் பூண்டதுதான் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பல ஆண்டுகளின் முன் அதன் கறுப்பு வர்ணத்தைச் சுரண்டியபோது, அடியில் படையினரின் மங்கிய பச்சை வர்ணம் தலைகாட்டியது. தந்தையார் அதில் ஓர் உள்ளங்கை அளவை மட்டும் ஆசனத்தின் கீழே அழியாது விட்டுவைத்தார். அஃது இன்றும் இருக்கின்றது.

இவ்வண்டி வேகத்திற்குப் பேர்போனதன்று. ஒரே சிலிண்டர், 496 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, பதின்மூன்று குதிரை வலு, ஏறக்குறைய 167 கிலோகிராம் எடை. வால்வுகள் சிலிண்டரின் தலையில் அமையாது பக்கத்தில் அமைந்திருப்பதால் வலு குறைவு. ஆனால் இயந்திரம் எளிது. எரிவாயுக் கலவையை மிக இறுக்கி நெருக்காத இயந்திரமாதலால், போர்க்காலத்து மட்டமான பெற்றோலையும் அது முகஞ் சுளியாது குடித்தது. இன்றைய 92 ரகப் பெற்றோல் அதற்கு விருந்துணவேயாம்.

எழுப்பும் சாத்திரம்

இக்கால வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். எமது கிழவியை எழுப்புவதற்கோ ஒரு சாத்திரமே உண்டு. முதலில் பெற்றோல் குழாயைத் திறத்தல் வேண்டும். கார்புரேட்டரின் மேலுள்ள சிறு குமிழை, விரல் நுனியில் பெற்றோல் ஈரம் படும்வரை அழுத்துதல் வேண்டும். காற்றை அடைத்தல் வேண்டும். கைபிடியிலுள்ள சிறு நெம்பை நகர்த்தித் தீப்பொறி சற்றுத் தாமதித்துப் பிறக்கச் செய்தல் வேண்டும். பின்னர் உதைகோலை மெல்ல மிதித்து, பிஸ்டன் உச்சிக்கு வந்து இறுகி நிற்கும் இடத்தைக் காலால் உணர்தல் வேண்டும். அவ்வேளையில், புகை வால்வைத் தூக்கும் மற்றொரு நெம்பைப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்கு ஒரு மயிரிழை அப்பால் கொண்டுபோய் நிறுத்தி, அதன் பின்னரே முழுக்காலாலும் உதைத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றை மறந்தாலும் தண்டனை உண்டு. எமது பதினேழாம் வயதில், தந்தையார் வீட்டிலில்லாத வேளை பார்த்து, நண்பர் முன்னிலையில் எமது வீரத்தைக் காட்ட முனைந்தோம். தீப்பொறி நெம்பை நகர்த்த மறந்துபோயிற்று. பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே கலவை பற்றிக்கொள்ள, உதைகோல் எமது காலைத் திருப்பி உதைத்தது. கணுக்கால் வீங்கிப் பத்து நாட்கள் பாடசாலைக்குச் செல்லவில்லை. தந்தையார் கோபிக்கவில்லை. கட்டிலருகே அமர்ந்து, "தம்பி, அதற்கு வேண்டியது பலமன்று, பக்குவம்" என்று மட்டுமே கூறினார். கணுக்கால் ஆறிவிட்டது, சொல் ஆறாது நிற்கின்றது.

முற்றத்துப் பள்ளிக்கூடம்

செலுத்துவதில் ஒரு பங்கு இன்பமென்றால், பேணுவதில் இரு பங்கு இன்பம் என்போம். கோணிச் சாக்கை முற்றத்தில் விரித்து ஸ்பேனர்களை அடுக்கிவிட்டால் எமக்கு உலகம் மறந்துபோகும். அந்த ஸ்பேனர்களும் தனிச் சாதி. விற்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1841இல் வகுத்த திருகாணி அளவுக்கேற்பச் செய்யப்பட்டவை அவை. அவற்றின் மேல் பொறித்துள்ள எண், திருகாணித் தலையின் அகலத்தையன்று, தண்டின் பருமனைக் குறிப்பது. மில்லிமீற்றர் ஸ்பேனரைக் கொண்டு அவற்றை அணுகுவோர் ஆணியின் மூலைகளை மழுக்குவர். தம் விரல் முட்டிகளையும் தோலுரித்துக் கொள்வர்.

மின்பொறி தரும் மக்னீட்டோவிலுள்ள தொடுமுனைகளுக்கிடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு இடைவெளி இருத்தல் வேண்டும். அதனைத் தகட்டளவியால் சரிபார்ப்போம். முன் கவையின் முடிச்சுகளுக்குக் கிறீஸ் ஊட்டுவோம். இயந்திரம் ஓடும்போது எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து, உள்ளே எண்ணெய் துள்ளித் துள்ளி மீண்டு வருகின்றதா என்று நோக்குவோம். அவ்வூற்று நின்றுவிடின் இயந்திரமும் விரைவில் நின்றுவிடும். வண்டியைப் பல வாரங்கள் ஓட்டாது விட்டால், தாங்கியிலுள்ள எண்ணெய் மெல்லக் கசிந்து இயந்திரத்தின் அடிவயிற்றில் தேங்கிவிடும். அதன் பின் எழுப்பினால் தெருவெங்கும் வெண்புகை! ஆதலால்தான் வாரந்தோறும் எழுப்புகின்றோம் என்பதை, உறக்கங் கெடும் அயலவருக்கு இவ்விடத்திற் பணிவுடன் தெரிவித்துக் கொள்கின்றோம்.

ஒரு சமயம் கடுகண்ணாவை ஏற்றத்தின் நடுவில் வண்டி திடீரென நின்றுவிட்டது. அரைமணி நேரம் ஆறவிட்டபின் ஒன்றும் அறியாததுபோல் எழுந்தது. அடுத்த ஏற்றத்தில் மீண்டும் நின்றது. குளிர்ந்தால் ஓடுவதும் சூடேறினால் நிற்பதுமாகிய இந்நோயின் மூலம், மக்னீட்டோவுக்குள் மறைந்திருக்கும் கொண்டென்சர் என்னும் மிகச் சிறிய உறுப்பு. முதுமையால் தளர்ந்த அது, வெப்பம் பட்டவுடன் மின்னைக் கசியவிட, பொறி மெலிந்துவிடுகின்றது. இதனை அறியாது கார்புரேட்டரை நான்கு தடவை கழற்றிப் பூட்டிய எமது அறிவை என்னென்பது!

மலைப்பாதையில் ஒரு பாடம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை எமது பகுதியைத் தொட்டே செல்கின்றது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணை வழியாக மாத்தளை வரை செல்வது எமக்குப் பிரியமான பயணம். கியரை வலக்காலாலும் பின் பிரேக்கை இடக்காலாலும் இயக்கும் பழைய ஆங்கில முறை இவ்வண்டியினது. புதியவர் ஏறினால் நிறுத்த வேண்டிய இடத்தில் கியரை மாற்றித் திகைப்பர். பின்சக்கரத்துக்கு வில் எதுவுமில்லை. "மாத்தளைக்குப் போய் வந்தால் முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம்" என்பது எமது இல்லாளின் கருத்து.

நுவரெலியாவுக்கு ஏறும்போது வேறொரு பாடம் கிடைக்கும். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலும் உள்ளன. உயரம் ஏறக் காற்று மெலிகின்றது. காற்று மெலியப் பெற்றோல் மிஞ்சுகின்றது. வண்டி கரும்புகை கக்கித் திணறுகின்றது. கைபிடி நெம்பினால் காற்றைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் மூச்சுத் தெளிகின்றது. ஓட்டுபவனின் செவியும் கையுமே அங்கே கருவிகள்.

பேராலைகள் வீழ்ந்த கதை

உலகை ஆண்ட ஆங்கில மோட்டார் சைக்கிள் தொழில் ஒரு தலைமுறைக்குள் சரிந்தது. 1959இல் ஹொண்டா கொம்பனியார் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முதலாகக் கலந்துகொண்டபோது ஏளனஞ் செய்தோர் உண்டு. 1961இல் அதே பந்தயத்தில் ஹொண்டா வண்டிகள் வெற்றிமாலை சூடின. 1969இல் பொத்தானால் எழும்பும் நான்கு சிலிண்டர் வண்டி வந்தது. எண்ணெய் ஒழுகுவதைக் குலவழக்கமெனக் கொண்டிருந்த பழைய ஆலைகள் புதிய இயந்திரங்களில் முதலிடத் தயங்கின. 1973 அளவில் பி. எஸ். ஏ.யின் பெருவாழ்வு முடிந்தது. ரோயல் என்பீல்டின் கதையோ வேறு. இந்தியப் படையின் தேவைக்காக 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட கிளை, இங்கிலாந்திலிருந்த தாய்மரம் பட்டபின்னும் தழைத்து, இன்றும் தமிழ்நாட்டிலேயே வண்டி செய்கின்றது.

எமது நாட்டில் 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்ட காலத்தில் உதிரிப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. அக்காலத்திற் கடைசற் பட்டறைத் தொழிலாளரே எம்மைக் காத்தனர். தேய்ந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வெண்கலத் துண்டைக் கடைந்து புதியது தருவர். 1977க்குப் பின் கதவு திறந்தது. யப்பானிய வண்டிகள் வெள்ளமெனப் புகுந்தன. தந்தையாரைப் பலரும் எள்ளினர். அவரோ ஞாயிறுதோறும் சாக்கை விரித்தார்.

காலச்சக்கரம் மீண்டும் சுழன்றது. 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டது. 2022இல் பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவர் மறப்பர்? மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, நான்கு லீற்றரில் எமது கிழவி எண்பது கிலோமீற்றர் வரை நடந்தாள். மின்கலமின்றியே பொறி தரும் மக்னீட்டோ ஆதலால், புதிய மின்கலம் கிடைக்காத கவலையும் அவளுக்கில்லை. அயல்வீட்டு முதியவரின் மருந்து அந்நாட்களில் அவள் முதுகிலேறியே வந்தது.

ஓர் எச்சரிக்கை

இன்பத்தைக் கூறுவோர் ஆபத்தையும் கூறுதல் கடன். 'அரேபியாவின் லோறன்ஸ்' எனப் புகழ்பெற்ற வீரர், 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் தமது பிறவ் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, தலையிற் காயமுற்று, ஆறு நாட்களில் மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் விபத்துக்களில் தலைக்காயமுற்றோரைப் பற்றி ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை 1941இல் எடுத்துரைத்தார். வண்டி எத்துணைப் பழையதாயினும் கவசம் புதியதாயிருக்கட்டும் என்பதே எமது வேண்டுகோள்.

நோட்டுப் புத்தகம்

இனி, முதலிற் கூறிய வினாவிற்கு வருவோம். எமக்கு வயது அறுபத்தெட்டு. வலது முழங்கால் உதைகோலோடு இனிப் போராட முடியாதென்று மருத்துவர் கூறிவிட்டார். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, கேட்போர் தலைசுற்றும் தொகையைக் கூறினார். வெளிநாட்டிலுள்ள மகன், "அப்பா, விற்றுவிடுங்கள், அந்தப் பணத்தில் கூரையை மாற்றலாம்" என்றான். கூரை ஒழுகுவதும் உண்மையே. மறுநாள் வருவதாகக் கூறி அவர் சென்றார்.

அன்று மாலை, வண்டியோடு கொடுத்தனுப்ப வேண்டிய பொருட்களைச் சேர்த்தோம். அவற்றுள் தந்தையாரின் நோட்டுப் புத்தகமும் இருந்தது. எண்ணெய் மாற்றிய நாள், தொடுமுனை தீட்டிய நாள், செயின் இறுக்கிய நாள் என 1949 முதல் எழுதப்பட்ட குறிப்புகள். நடுவில் கையெழுத்து மாறி எமது எழுத்துத் தொடங்குகின்றது. அதனைப் புரட்டிக்கொண்டிருந்த எமது இளைய மகள், "அப்பா, இதையும் கொடுத்துவிடப் போகின்றீர்களா?" என்று கேட்டாள். எம்மால் விடையிறுக்க இயலவில்லை.

அவள் எழுந்து முற்றத்திற்குச் சென்றாள். குழாயைத் திறந்தாள், குமிழை அழுத்தினாள், நெம்பை நகர்த்தினாள். சிறுமியாய்ச் சாக்கின் ஓரத்திலிருந்து பார்த்தவை யாவும் அவளுக்கு நினைவிருந்தன. முதல் உதைக்கு அசையவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. உதவச் சென்ற எம்மைக் கையமர்த்தி, பிஸ்டனை உச்சிக்கு அப்பால் மெல்ல நகர்த்தி நிறுத்தி, மூன்றாம் முறை உதைத்தாள். 'டக், டக், டக்' என்று கிழவி எழுந்தாள். உள்ளேயிருந்து எமது இல்லாள், "கூரைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்" என்று குரல் கொடுத்தாள்.

கொழும்பு அன்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். கூரை இன்னும் ஒழுகுகின்றது. இரண்டு வாளிகள் வைத்திருக்கின்றோம். சென்ற ஞாயிறன்று எண்ணெய் மாற்றினோம். எமது பங்கு, நாற்காலியில் அமர்ந்து குறை கூறுவது. வேலை முடிந்ததும் மகள் கைகளைத் துடைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, திகதியை இட்டு, தன் கையெழுத்தில் முதல் வரியை எழுதினாள்.