இகாமா புதுப்பிக்காத கஃபீலை விட்டு மாறுவது துரோகமா?

"இகாமா முடிந்து நான்கு மாதமாகிறது. 'கட்டிவிடுகிறேன், பொறு' என்றே கஃபீல் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறொரு கம்பெனி கூப்பிடுகிறது. போனால் அவருக்குத் துரோகம் செய்ததாகுமா ஹஜ்ரத்?" சவூதியில் இருக்கும் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ஒப்பந்தம் இருவரையும் கட்டுப்படுத்துவது. இகாமாவையும் வேலை அனுமதியையும் புதுப்பிக்கும் கட்டணம், தாமதமானால் வரும் அபராதம் இரண்டும் முதலாளியின் பொறுப்பு என்று சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பணத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வழக்கம் என்பதற்காக அது சரியாகிவிடாது. எனவே புதுப்பிக்காமல் இழுத்தடித்தவர்தான் முதலில் வாக்கை முறித்தவர்.

2021 மார்ச் 14 முதல் நடைமுறையில் உள்ள சீர்திருத்தமும் இதையே ஒட்டி நிற்கிறது. சாதாரணமாக ஒரு முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்து முடித்தவர், நோட்டீஸ் காலத்தை நிறைவு செய்து, அவருடைய சம்மதம் இல்லாமலேயே மாறலாம். இகாமாவோ வேலை அனுமதியோ காலாவதியாகிவிட்டால் அந்த ஓராண்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வராவிட்டாலும் அப்படியே. தனாஸுல் கடிதத்துக்காகக் கஃபீல் பின்னால் அலைந்த பழைய நிலை இவர்களுக்கு இல்லை. ஆனால் இகாமா நடப்பில் இருந்து, சம்பளமும் ஒழுங்காக வரும்போது நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்புவதை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே வாக்கை முறிப்பவர் நாம்தான்.

பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த படியில். "நாளைக்கே வந்து சேர், பேப்பர் பின்னால் வரும்" என்று புதிய இடத்தில் சொல்வார்கள். போகாதீர்கள். மாற்றம் முடியும் முன் அங்கே ஒரு நாள் வேலை செய்தாலும், அனுமதியில்லாத இடத்தில் வேலை செய்த குற்றம் உங்கள் மீது வரும். அதுவரை கஃபீல் மீதிருந்த தவறு அன்றோடு உங்கள் கணக்கில் ஏறிவிடும். சோதனையில் பிடிபட்டால் நாடு கடத்தல் வரை போகலாம். முறையான வழி இதுதான்: புதிய நிறுவனம் 'கிவா' தளத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும், நீங்கள் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து சம்பளம், பதவி, ஒப்பந்தக் காலம் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து ஏற்க வேண்டும், இகாமாவில் முதலாளி பெயர் மாறியதை 'அப்ஷர்' காட்ட வேண்டும். கடவுச்சொல்லை நண்பரிடமோ ஏஜெண்டிடமோ கொடுத்து, என்ன ஒப்பந்தம் என்றே தெரியாமல் 'ஏற்கிறேன்' அழுத்தியவர்கள் இருக்கிறார்கள். அந்த நிறுவனம் 'நிதாகத்' தரவரிசையில் சிவப்பில் இருந்தால் அதனால் ஆளை மாற்றிக்கொள்ளவே முடியாது. இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாற்றுக் கட்டணம் முதல் முறை 2,000 ரியால், இரண்டாம் முறை 4,000, அதற்குப் பிறகு 6,000. அதுவும் புதிய முதலாளி கட்ட வேண்டியது.

இடையில் பழைய கஃபீல் கோபத்தில் 'வேலைக்கு வரவில்லை' என்று புகார் செய்யக்கூடும். நம் ஆட்கள் 'ஹுரூப்' என்று பயப்படுவது இதைத்தான். 2022 அக்டோபரில் வந்த மாற்றத்தின்படி உடனே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. வேறு இடம் மாறவோ, இறுதி எக்ஸிட்டில் ஊர் திரும்பவோ 60 நாள் அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டால்தான் சிக்கல். ஆகவே மாற்றம் முடியும்வரை பழைய இடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதே நல்லது.

வீட்டு டிரைவர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் இந்தச் சீர்திருத்தத்தில் சேரவில்லை. வீட்டு வேலை விசாவுக்கு 'முஸானத்' என்ற தனித் தளமும் தனி விதிகளும் உண்டு. கம்பெனி விசாக்காரர் சொன்ன வழியை ஹவுஸ் டிரைவர் பின்பற்றி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. "அங்கே ஏன் கஷ்டப்படணும், விட்டுட்டு வேற இடம் போயிடுங்க" என்று போனில் அவசரப்படுத்தாதீர்கள். இகாமா எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். ஒப்பந்தப் பிரதி, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய முதலாளி தர வேண்டிய சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் வேலை முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அன்று இந்தக் காகிதங்கள்தான் கேட்கப்படும். உதவி தேவைப்பட்டால் ரியாத் இந்தியத் தூதரகத்திலும் ஜித்தா துணைத் தூதரகத்திலும் தொழிலாளர் நலப் பிரிவு இருக்கிறது.