மண்ணிலிருந்து வந்த சிவப்பு மாத்திரை



எங்கள் மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். போன வருடம் அவருக்கு டி.பி. என்று தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் பாத்ரூமிலிருந்து பதறிக்கொண்டு வந்தார். "டேய், ரத்தமா போகுதுடா!"

ரத்தம் அல்ல. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது. அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

1957-ல் பிரான்சின் மத்தியதரைக் கடலோரப் பைன் தோப்பிலிருந்து கொஞ்சம் மண், இத்தாலியின் மிலான் நகர ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருள்தான் ரிஃபாமைசின். வாயால் சாப்பிட்டால் அது உடம்பில் சரியாகச் சேரவில்லை. வேதியியலார் அதன் மூலக்கூறில் ஒரு கிளையை ஒட்டி, 1965-ல் ரிஃபாம்பிசினை உருவாக்கினார்கள். பாதி நுண்ணுயிர் செய்தது, பாதி மனிதன் செய்தது!

அது எப்படி வேலை செய்கிறது? நம்ம பாஷையில் சொன்னால், டி.என்.ஏ. என்பது ஒரிஜினல் டிராயிங். ஆர்.என்.ஏ. என்பது ஷாப்புக்குப் போகும் காப்பி. காப்பி எடுக்கும் மெஷின், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி. ரிஃபாம்பிசின் கிருமியின் மெஷினுக்குள் உட்கார்ந்து, காப்பி வெளிவரும் வழியை அடைத்துவிடுகிறது. டிராயிங் வராத ஷாப்பில் என்ன வேலை நடக்கும்? கிருமி சாகிறது. நம் உடம்பில் அந்த மெஷினின் அமைப்பு வேறு. அதனால் நம் மெஷினை அது அடைப்பதில்லை.

இரண்டு மாதத்தில் மாமா ஆரம்பித்தார். "இருமல் நின்னுடுச்சு, நல்லா பசிக்குது. இன்னும் எதுக்குடா மாத்திரை?"

இங்கேதான் ஆபத்து. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டில் அந்த மெஷினின் அமைப்பு தற்செயலாக மாறியிருக்கும். அங்கே ரிஃபாம்பிசின் பொருந்தாது. அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்து ஆறு மாதம் தருகிறார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மாறிய கிருமிகளே மிஞ்சிப் பெருகும். வீட்டில் உள்ளவர்களுக்கும் அதுவே தொற்றும். பிறகு இந்த மாத்திரையால் பயனில்லை.

பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். லேத்காரருக்கு உடனே புரிந்தது. ஆறு மாதமும் முடித்தார்.

நம் சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், அன்றைய மருந்துகளை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. சானடோரியத்தில் மாத்திரையை ஞாபகப்படுத்த நர்ஸ் இருந்தார். நண்பர்களே, வீட்டில் அந்த நர்ஸ் நாம்தான்!