கடல் நடுவே ஓர் ஊர்
நெடுந்தீவில் அன்றாட வாழ்க்கை

விடுமுறை நாளொன்றிற் கடற்கரைக்குச் சென்று, காற்று வாங்கிக் கச்சான் கொறித்துப் பொழுது சாயுமுன் வீடு திரும்புபவர்க்குக் கடல் ஓர் இனிய காட்சி. அதன் நடுவே மாதக்கணக்கில் தங்கி வாழ்பவர்க்கோ, அதுவே நாட்காட்டி, அதுவே மணிக்கூடு, அதுவே சந்தை, அதுவே வீதி. சில வேளைகளில் அது பூட்டிய கதவுமாகும். இவ்வுண்மையை அறிய விரும்புவோர் நெடுந்தீவுக்குச் செல்லுதல் வேண்டும். சென்றவர் அன்றே திரும்பிவிடாது, ஒரு பருவமேனும் அங்கே தங்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையை அடைந்து, புங்குடுதீவையும் கடந்து சென்றால், குறிகட்டுவான் இறங்குதுறையில் வீதி முடிவடைகின்றது. அதற்கு அப்பால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளுள் மக்கள் வாழ்வனவற்றில் மிகத் தொலைவிலுள்ளது நெடுந்தீவே. அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாய்நாட்டு நகரொன்றின் பெயரை இதற்குச் சூட்டி ‘டெல்வ்ற்’ என்றனர். ஆங்கில ஏடுகளில் இன்றும் அப்பெயரே வழங்குகின்றது. ஊரவர் வாயில் அது என்றும் நெடுந்தீவுதான்.

காலைப் படகில் வந்து மாலைப் படகில் மீளும் பயணிகள் பலர். கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளையும், உள்ளே மனிதர் புகுந்து நிற்கக்கூடிய பெருக்க மரத்தையும், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும், இடிந்து கிடக்கும் கோட்டையையும் அவர்கள் பார்த்துச் செல்வர். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்க மரம் இத்தீவில் எவ்வாறு வேரூன்றியது என்று வியப்பர். அராபிய வணிகர் கொணர்ந்தது என்று கேட்டு மகிழ்வர். இவையெல்லாம் காணத்தக்கனவே. ஆயினும், ஊர் எவ்வாறு உண்கிறது, எவ்வாறு உறங்குகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பன ஒரு பகற்பொழுதில் புலப்படா.

படகுதான் பொழுது

புதிதாக வந்து தங்குபவர் முதலிற் கற்றுக்கொள்ளும் பாடம், நேரத்தை மணிக்கூட்டில் பாராது படகிற் பார்ப்பதாகும். பொழுது நன்கு விடியுமுன்னரே மாவிலித்துறையில் ஆளரவம் கேட்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர், கந்தோர் அலுவலாகப் புறப்பட்டவர், மேற்படிப்புக்காக வெளியூரில் தங்கியிருக்கும் மாணவர், பனிக்கட்டியில் இட்ட மீன்பெட்டிகளோடு நிற்கும் வியாபாரிகள் ஆகிய யாவரும் அங்கே கூடுவர். திரும்பிவரும் படகிலே அரிசியும் மாவும் மரக்கறியும் வரும். பத்திரிகையும் கடிதமும் வரும். ஆசிரியரும் உத்தியோகத்தரும் வந்திறங்குவர். யார் போனார், யார் வந்தார், யார் வீட்டுக்கு என்ன சாமான் வந்தது என்பதெல்லாம் மதியத்துக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும்.

ஒருவரையொருவர் வீதியிற் காணும்போது நலம் விசாரிப்பதற்கு முன் எழும் கேள்வி, “இண்டைக்குப் படகு ஓடுமோ?” என்பதே. காற்று மிஞ்சினால் படகு ஓடாது. ஒரு நாள் ஓடாவிடில் எவரும் பொருட்படுத்தார். அது நீடிக்குமாயின், கடைகளில் முதலில் மரக்கறி தீரும். பின்னர் வேறு பண்டங்களும் ஒவ்வொன்றாகக் குறையும். அப்போதுதான் ஒவ்வொரு வீட்டின் முன்யோசனையும் வெளிப்படும். கருவாடும், ஒடியல் மாவும், வளவிலுள்ள முருங்கையிலையும் அடுப்புக்கு வரும். பக்கத்து வீட்டில் ஒரு கொத்து அரிசி மாறி வாங்குவது அங்கே மானக்குறைவன்று. இன்று கொடுப்பவர் நாளை வாங்குவார் என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும்.

படகின் பெயரே இவ்வூரவர் நெஞ்சில் ஒரு வடுவாகவும் இருக்கின்றது. நெடுங்காலம் இவர்களை ஏற்றி இறக்கிய ‘குமுதினி’ படகிற் பயணஞ் செய்தவர் பலர், 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாளன்று நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அவர்களை நினைந்து விளக்கேற்றுகின்றனர். அதன் பின்னரும் இவர்கள் அதே கடலைக் கடந்தே தீரவேண்டியிருந்தது. வேறு வழி இல்லை.

தண்ணீரின் கணக்கு

நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊரிலே அருமையான பொருள் நீரே. நெடுந்தீவு சுண்ணாம்புக் கற்பாறையாலான தட்டையான நிலம். அங்கே ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர், கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாதலால் இவ்வாறு நிற்கின்றது. அளவறிந்து மெல்ல மொண்டால் குடிதண்ணீர் கிடைக்கும். பேராசை கொண்டு இறைத்தால், கீழேயுள்ள உவர் மேலேறிக் கிணறே கெட்டுவிடும். உவர்நீரை நன்னீராக்கும் நிலையங்கள் இக்காலத்தில் வந்துள்ளனவெனினும், தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் பழக்கம் ஊரைவிட்டுப் போகவில்லை.

குடிக்கும் தண்ணீர் வேறு. சமைக்கும் தண்ணீர் வேறு. குளிக்கும் தண்ணீர் வேறு. எந்தக் கிணற்றுநீர் எதற்கு உகந்தது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அரிசி கழுவிய நீர் மாட்டுக்குப் போகும். குளித்த நீர் வாழையடிக்குப் போகும். பட்டினத்துப் பழக்கத்தோடு வந்தவர் முதற்கிழமையிற் பாத்திரம் கழுவும்போது வீட்டுக்கார ஆச்சி வாய் திறந்து ஒன்றும் சொல்லார். வாளியை மட்டும் ஒருமுறை பார்ப்பார். அப்பார்வையே போதும். ஒரு மாதம் கழிவதற்குள் வந்தவரின் கை தானாகவே சுருங்கிவிடும்.

கோடையின் கொடுமை குதிரைகளுக்கும் உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிகளைக் கண்ட அக்குதிரைகளின் சந்ததி, இன்று உரிமையாளர் எவருமின்றி மேற்குப்புற வெளிகளில் மேய்கின்றது. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும், மழை பொய்த்த ஆண்டுகளில் நீரின்றி மாண்ட குதிரைகள் உண்டு. பிரகடனத்தால் மட்டும் தாகம் தீர்ந்துவிடுவதில்லை.

காற்றுக்கு வழிவிடும் வேலி

தீவின் உட்புறத்தே நடப்பவர் கண்ணில் முதலிற் படுவன கல்வேலிகள். பனையோலை வேலியையும் கிடுகு வேலியையும் கண்டு பழகிய யாழ்ப்பாணத்தவர்க்கு அவை புதுமையாகத் தோன்றும். முருகைக் கற்களைச் சாந்தும் சுண்ணாம்புமின்றி, ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள் அவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரியும். பார்த்த மாத்திரத்தில், ஒரு காற்றுக்குத் தாங்குமா என்று ஐயுறத் தோன்றும். ஆனால், அந்த இடைவெளிகளே வேலியைக் காக்கின்றன. பெருங்காற்று அவற்றினூடே புகுந்து, வலியிழந்து அப்பாற் செல்லும். இறுகப் பூசிய மதிலாயின் காற்று முழுவதையும் எதிர்த்து நிற்கவேண்டியிருக்கும்.

ஆடோ மாடோ தட்டி இரண்டு கல் விழுந்தால், அவ்வழியே செல்பவர் யாராயினும் குனிந்தெடுத்து வைத்துவிட்டுப் போவர். அது எவருடைய வளவு என்று கேட்பதில்லை. ஊரின் இயல்பை இந்த ஒரு வழக்கத்திற் காணலாம்.

பனையும் கடலும்

இவ்வூரின் நாள்கள் காற்றின் பெயரால் எண்ணப்படுவன. சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்னும் காற்றுகள் எப்பொழுது எழும், எப்பொழுது அடங்கும் என்பதைப் பொறுத்தே வலையும் வள்ளமும் அசையும். மாலையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் முதியவர் வானத்தை ஒருகால் நோக்கி, மறுநாள் கடலுக்குப் போவதா விடுவதா என்று முடிவுசெய்வார். வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் காலநிலை அறிவித்தல் வருகின்ற இந்நாளிலும், அவர் சொல்லுக்கு இளைஞர் செவிசாய்க்கின்றனர்.

கடல் கை கொடாத நாள்களில் பனை கைகொடுக்கும். ஆடி, ஆவணியிற் பழம் விழும். அதன் களியைப் பிசைந்து பாயிற் பரப்பி வெயிலிற் காயவைத்தால் பனாட்டு. கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மழைக்கு விட்டுவைத்தால், மார்கழி, தையிற் கிழங்கு. அக்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஓலையிலே பாயும் கடகமும் சுளகும் நீற்றுப்பெட்டியும் பிறக்கும். இவையனைத்துக்கும் பின்னே நிற்பது பெண்களின் கை. கடலுக்குச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் உலை கொதிப்பது அக்கைகளாலேயே.

கடலும் பனையும் சேர்ந்து ஒரு சட்டிக்குள் புகுவதே ஒடியற் கூழ். மீனும் நண்டும் இறாலும், பயிற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும், செத்தல் மிளகாயும் பழப்புளியும் கூடிக் கொதிக்கையில் ஒடியல் மாவைக் கரைத்துவிடுவர். மணம் வேலி கடந்து செல்லும். கூழை ஒருவருக்கென்று காய்ச்சுவாரில்லை. பனையோலையை மடித்துப் பிளா கோலி, முற்றத்தில் வட்டமாக அமர்ந்து, கதை சொல்லிக்கொண்டே குடிப்பர். வழியிற் போகும் தம்பிக்கும் ஒரு பிளா உண்டு. தங்க வந்தவர் விருந்தாளி என்னும் நிலை நீங்கி வீட்டாராவது அந்த வட்டத்திலேதான்.

இரவு முன்னதாகவே வந்துவிடும். கோயில் மணி ஓய்ந்து, தேவாலயச் செபமும் முடிந்தபின், அலையோசையும் பனையோலைச் சலசலப்புமே எஞ்சும். பட்டினத்திலிருந்து வந்தவர்க்கு முதற்சில இரவுகளில் இந்த அமைதியே உறக்கத்தைக் கெடுக்கும். பின்னர், அது இல்லாத இடத்தில் உறக்கம் வராது.

அமைதிக்குக் கொடுக்கும் விலை

இவ்வமைதியைப் புகழ்வது எளிது. அங்கே நெடுநாள் தங்கியவர் அதன் விலையையும் கூறக் கடமைப்பட்டவர். தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும், கடுமையான நோயோ பேறுகால இடரோ நள்ளிரவில் நேருமாயின், நோயாளியைப் படகேற்றிக் கடல் கடத்தவேண்டும். காற்று எழுந்த இரவில், அவ்வீட்டார் கரையில் நின்று கடலைப் பார்க்கும் பார்வையைக் கண்டவர், தீவின் அமைதியைப்பற்றிக் கவி பாட விரும்பார்.

கடலடியை வாரியிழுக்கும் இழுவைமடிப் படகுகள் இன்னொரு துயரம். பாக்கு நீரிணையைக் கடந்துவரும் அவை சிறு வலைகளை அறுப்பதோடு, மீன் பெருகும் தரையையும் அழித்துச் செல்கின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டிற் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் பிறந்தும், வலையிழந்தவரின் முறைப்பாடு ஓய்ந்தபாடில்லை. எதிர்க்கரையிலிருந்து வருபவரும் தமிழ் பேசும் ஏழைத் தொழிலாளரே என்பதும், கச்சதீவு அந்தோனியார் திருநாளில் இரு கரையாரும் ஒன்றாக முழந்தாளிடுபவர் என்பதும் இத்துயரை மேலும் ஆழமாக்குகின்றன.

ஆகவே, மக்கள் வெளியேறினர். வன்னிக் குடியேற்றங்களுக்கும், யாழ்ப்பாண நகருக்கும், போர்க்காலத்திற் கடல் கடந்த நாடுகளுக்கும் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். இன்று தீவில் வாழ்வோர் சில ஆயிரம் பேரே. கதவில்லாத வீடுகளும், ஆளில்லாத வளவுகளைச் சுற்றி இன்னும் நிமிர்ந்து நிற்கும் கல்வேலிகளும் அங்கே பல. விழுந்த கல்லை எடுத்துவைக்கும் கைகள் குறைந்துவருகின்றன.

மாணவர்களே, உங்கள் பாடநூலில் நெடுந்தீவு ஒரு வரியோ இரு வரியோ பெறலாம். குதிரையும் பெருக்க மரமும் அவ்வரிகளில் இடம்பிடிக்கலாம். வாய்ப்பு நேரின் சென்று சில நாளேனும் தங்குங்கள். தண்ணீரை அளந்து மொள்ளவும், அயலாரின் அரிசிப் பானையைத் தம்முடையதுபோல் எண்ணவும், காற்றை மறியாது வழிவிட்டு நிற்கவும் அறிந்த ஒரு மக்கட் கூட்டத்தை அங்கே காண்பீர்கள். அவ்வறிவு அங்கே வறுமையின் மடியிற் பிறந்தது. எனினும், வளம் மிகுந்த இடங்களிலும் அதற்குத் தேவை உண்டு.

நாளை உங்களுள் ஒருவர் வைத்தியராகலாம், ஒருவர் பொறியியலாளராகலாம், ஒருவர் ஆட்சிப் பொறுப்பில் அமரலாம். அப்போது நெடுந்தீவாரின் அமைதியை மெச்சி அவர்களுக்கு ஓர் உரை ஆற்றவேண்டியதில்லை. எக்காற்றிலும் நம்பி ஏறத்தக்க ஒரு நல்ல படகும், இரவில் விழித்திருக்கும் ஒரு வைத்தியரும், வற்றாத குடிநீரும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்தாற் போதும். வேலியின் கற்களை அவர்களே எடுத்து அடுக்கிக்கொள்வர்.