வக்கீல் கோட்டை விட்டால் நஷ்டஈடு உண்டா?

பெங்களூர்ப் பட்டு நூல் ஏற்றி வரும் வேனை, எதிரே வந்த லாரி மோதி நம் கடைச் சிப்பந்திக்குக் கால் ஒடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈட்டு வழக்கில் வக்கீல் வாய்தாவுக்கே போகாமல் மனு தள்ளுபடியாகிறது. என்ன செய்வது?

முதலில், தாமதிக்காமல் வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க மனுப் போட வேண்டும். வக்கீலின் தவறுக்காக நிரபராதியான கட்சிக்காரர் அவதிப்படக் கூடாது என்று 1981-லேயே உச்சநீதிமன்றம் கூறியுள்ளது.

அதுவும் பலிக்காவிட்டால் வக்கீல் மீது வழக்குத் தொடரலாம். 1926-ம் வருட வக்கீல் கட்டணச் சட்டத்தின் 5-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 14-5-2024-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பார் கவுன்சிலில் புகார் செய்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம். நம் பணம் வராது. சிவில் கோர்ட்தான் வழி.

அங்கும் கேட்ட தொகை முழுதும் கிடைக்காது. விபத்து வழக்கு ஒழுங்காக நடந்திருந்தால் என்ன தேறியிருக்கும் என்பதே கணக்கு. ஜெயிக்க வழியே இல்லாத வழக்குக்கு நஷ்டமும் இல்லை. ஆகவே எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ், ஆஸ்பத்திரி பில், சம்பளப் பதிவேடு, ஃபீஸ் ரசீது ஆகியவற்றின் நகல் நம் பெட்டியிலும் இருக்கட்டும். வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, வாய்தாத் தேதிகளை நாமே குறித்து வைப்போம்.