குருதி கூறும் சாட்சியம்

2017 ஆம் ஆண்டில் உலகெங்கும் 48.9 மில்லியன் பேர் செப்சிஸ் எனப்படும் நோய்நிலைக்கு உள்ளாகினர் என்றும், இதனுடன் தொடர்புடைய மரணங்கள் 11 மில்லியன் என்றும் 2020 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான மதிப்பீடொன்று தெரிவித்தது. அவ்வாண்டின் மொத்த மரணங்களில் இது ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகும்.

குருதி நஞ்சாதல் என்று இதனைப் பொதுவாகக் கூறுவர். ஆயினும் அப்பெயர் நோயின் இயல்பை முழுமையாக உணர்த்துவதில்லை. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ ஏற்படும் கிருமித்தொற்றை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பு நிலைதடுமாறி, சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்வதே செப்சிஸ் என 2016 இல் நிபுணர்கள் வரையறுத்தனர். வேலியே பயிரை மேய்வது போன்ற நிலை இது.

காய்ச்சலும் விரைந்த நாடித்துடிப்பும் வேறு பல நோய்களிலும் தோன்றுகின்றன. கிருமியை இனங்காணும் குருதி வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு கிடைக்க ஓரிரு நாட்களேனும் செல்லும். எனவேதான் குருதியிலேயே அடையாளம் தேடும் முயற்சி நீண்டகாலமாக நடைபெற்று வருகின்றது. 1930 இல் கண்டறியப்பட்ட சீ.ஆர்.பி. புரதமும், 1993 முதல் கவனம் பெற்ற புரோகல்சிற்றோனினும் இவற்றுள் முக்கியமானவை. 2020 இல் வெளியான மீளாய்வொன்று இத்தகைய அடையாளங்கள் 258 ஐப் பட்டியலிட்டது. பட்டியல் நீண்டபோதிலும், நோயைத் தனித்து நின்று உறுதிப்படுத்த வல்லது எதுவுமில்லை என்பதே உண்மை.

பெரும் சத்திரசிகிச்சை, விபத்து, தீக்காயம் ஆகியவற்றின் பின்னரும் புரோகல்சிற்றோனின் உயரக்கூடும். ஆதலால், நுண்ணுயிர் கொல்லி மருந்தை ஆரம்பிப்பதா என்பதை அதன் அளவைக் கொண்டு தீர்மானிக்கலாகாது என 2021 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் வலியுறுத்தியது. நோயாளர் அதிர்ச்சி நிலையில் இருப்பின் இயன்றவரை ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து வழங்கப்பட வேண்டும். ஆய்வுகூட அறிக்கைக்காகக் காத்திருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

எனினும் மருந்தை நிறுத்தும் வேளையை அறிய இப்பரிசோதனை பெரிதும் உதவுகின்றது. நெதர்லாந்தின் 15 வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், இதன் துணையுடன் மருந்து முன்னதாகவே நிறுத்தப்பட்டபோது மரணங்கள் அதிகரிக்கவில்லை, மாறாகக் குறைந்திருந்தன. 2024 இல் வெளியான பிரித்தானிய ஆய்வும் மருந்துக் காலத்தைப் பாதுகாப்பாகக் குறைக்கலாம் எனக் காட்டியது. ஆனால் சீ.ஆர்.பி. அத்தகைய பயனைத் தரவில்லை. மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் இது அற்ப விடயமன்று.

நோயின் போக்கை முன்னுணர லக்டேட் அளவு உதவுகின்றது. அது குறையாது நீடிப்பது ஆபத்தின் அறிகுறியாகும். ஆயினும் 2019 இல் வெளியான தென்னமெரிக்க ஆய்வொன்று சிந்திக்கத் தூண்டுகின்றது. விரல் நுனியை அழுத்தி விட்டபின் குருதி எத்தனை வினாடியில் திரும்புகின்றது என்பதைப் பார்த்துச் சிகிச்சையளித்தபோது, லக்டேட்டைப் பின்பற்றிய சிகிச்சையைவிட மரணங்கள் கூடவில்லை. வசதி குறைந்த வைத்தியசாலைகளுக்கு இது நம்பிக்கையூட்டும் செய்தியாகும்.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் அறிக்கையிலுள்ள ஓர் எண்ணைக் கண்டு இடிந்துபோவதும் உண்டு, அளவுகடந்து நம்பிவிடுவதும் உண்டு. இரண்டும் பொருத்தமற்றவை. குருதி தருவது சாட்சியமே. தீர்ப்பு, நோயாளரின் அருகிலிருந்து நாள்தோறும் அவதானிக்கும் வைத்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது எமது கருத்தாகும்.