நடைபாதைக்குக் கல் தெரிதல்

கல்லூரி மணி அடித்ததும் புத்தகக் கட்டுடன் வீதியிலே துள்ளி ஓடிய காலத்தில் நம்முள் எவரும் காலின்கீழ்க் கிடந்த தரையை நோக்கியதில்லை. விழாக் கொண்டாட மீண்டும் கூடும் இந்நாளிலோ நம்மிற் பலர் ஒவ்வோர் அடியையும் பார்த்தே வைக்கின்றோம். இளைஞன் தடுக்கி விழுந்தால் சிரித்துக்கொண்டு எழுவான். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். சிலர் அதன்பின் எழுந்து நடப்பதேயில்லை. ஆதலின், கடைவீதி நடைபாதையை எப்பொருளால் அமைப்பது, எவ்வாறு பேணுவது என்னும் வினா அழகைப் பற்றியது மட்டுமன்று.

நடைபாதைக்கு வேண்டிய குணங்கள் நான்கு: மழையில் நனைந்தபோதும் வழுக்காமை, மேடுபள்ளம் இன்மை, நீர் தேங்காமை, உடைந்தவிடத்து முன்போலச் செப்பனிடக்கூடியதாய் இருத்தல். இந்நான்கையும் ஒருங்கே நிறைவாகத் தரும் பொருள் அரிது. ஒன்றிற் சிறந்தது மற்றொன்றிற் குறைபடும். இதற்கு லிஸ்பன் மாநகரம் தக்க சான்றாகும்.

லிஸ்பன், 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் தலைநகர். 1842 இல் அந்நகர்க் கோட்டையின் அதிபராயிருந்த எயுசேபியோ ஃபுர்ட்டாடோ என்னும் படைத்தலைவர், கைதிகளைக் கொண்டு வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் மாறிமாறிப் பதித்த நெளிகோட்டுக் கோலத் தரையொன்றை அமைப்பித்தார். அதைத் தொடர்ந்து 1848, 1849 ஆம் ஆண்டுகளில் நகர நடுவிலுள்ள றோசியோச் சதுக்கத்தில் கடலலை போன்ற கோலத்துடன் கல் பாவப்பட்டது. பின்னர் நகரத்து நடைபாதைகளிற் பெரும்பாலானவை அம்முறையைத் தழுவின. கடல் கடந்து பிரேசில் நாட்டின் கொப்பகபானாக் கடற்கரை வரை அது பரவியது.

அத்தரைக்குரிய கற்கள் உள்ளங்கையில் அடங்குஞ் சிறு கற்கள். தொழிலாளி கல்லை ஒரு கையில் ஏந்தி, மறு கையிலுள்ள சுத்தியலால் தட்டி வடிவு திருத்தி, மணற்படுக்கையில் ஒன்றோடொன்று நெருங்கப் பதிப்பார். பின்னர் இடைவெளிகளை நிரப்பி, திமிசு கொண்டு இடித்து இறுக்குவர்.

இத்தரையின் அழகை மறுப்பார் இலர். குறை யாதெனின், வெள்ளைக் கல் சுண்ணாம்புக் கல்லாயிருத்தலே. அதன் கனிப்பொருளாகிய கல்சைற்றின் வன்மை மோசின் அளவுகோலில் 3. மணலிலும் கருங்கல்லிலும் உள்ள குவார்ட்சின் வன்மை 7. எனவே, நடப்போர் செருப்பில் ஒட்டிய மணலே அக்கல்லை நாள்தோறும் தேய்த்து மெருகிடுகின்றது. மெருகேறிய கல் மழை நாளில், அதுவும் செங்குத்தான தெருவில், வழுக்கும். கல்லொன்று பெயர்ந்தால் அயற்கற்களும் தளரும். லிஸ்பன் மாநகர சபை 2014 இல் நடப்போர் வசதிக்கான திட்டமொன்றை ஏற்றபோது, பழைய கல்லை எவ்விடத்தில் வைத்திருப்பது, எவ்விடத்தில் மாற்றுவது என்ற வாதம் எழுந்தது. இருதிறத்தார் கூற்றிலும் நியாயம் உண்டு.

ஏனெனில், அம்முறைக்கு ஒரு பெருஞ் சிறப்பும் உளது. நீர்க்குழாய் பதிக்கத் தோண்டினால், அதே கற்களை எடுத்து வைத்து மீண்டும் பதிக்கலாம். ஒரே பாளமாக வார்த்த கொங்கிறீற்றுத் தரையை வெட்டினாலோ வடு மாறாது. ஆயினும், கல்லை மீளப் பதிக்கத் தேர்ந்த கை வேண்டும். அத்தொழிலாளர் அருகி வந்தமையால் 1986 இல் மாநகர சபை கல் பாவுவோர்க்கென ஒரு பள்ளியே நிறுவ நேர்ந்தது. கல்லுக்குப் பஞ்சமில்லை, கைக்கே பஞ்சம்.

இனி, பொருள் தெரியும் முறையை நோக்குவோம். கருங்கற் பலகை விலை கூடியதெனினும் நெடுநாள் உழைக்கும். அதன் முகத்தை மெருகிடாது சொரசொரப்பாக விடுதல் வேண்டும். கொங்கிறீற்றுக் கட்டிகள் மலிவானவை, சமமானவை, பெயர்த்துப் பதிக்கத்தக்கவை. பாளமாக வார்ப்பதாயின் இடையிடையே பிரிகோடு விடல் வேண்டும். விடாவிடின் தரை தானே தன் மனம்போல் வெடிக்கும். பளபளக்கும் தரையோடுகள் வீட்டு மண்டபத்துக்குரியவை, வீதிக்கு ஆகா.

எக்கல்லாயினும் அதன் ஆயுள் அடித்தளத்திலேயே தங்கியுள்ளது. நன்கு இறுக்கிய சல்லியும், அதன்மேல் மணலும், விளிம்பில் அசையாத ஓரக்கல்லும், வடிகாற் பக்கமாக 50 அங்குலத்துக்கு 1 அங்குலச் சரிவும் வேண்டும். கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் புடைப்புக் கற்களையும் மறத்தலாகாது. ஜப்பானியராகிய செயிச்சி மியாகே கண்டுபிடித்த அவை 1967 இல் ஒகாயமா நகரில் முதன்முதல் பதிக்கப்பட்டன.

பேணும் முறை எளிது. விடாது செய்வதே அரிது. மாரிக்கு முன் இடைவெளிகளில் மணல் நிரப்புக; வடிகால்களைத் துப்புரவாக்குக; நடைபாதையில் வண்டி ஏற விடாது தடுக்க; ஒரு கல் ஆடத் தொடங்கும்போதே அதை எடுத்துப் பதிக்க; செப்பனிடுவதற்கென அதே இனக் கற்கள் சிலவற்றைத் தொடக்கத்திலேயே சேமித்து வைக்க.

கல்லைத் தெரிபவர், அதைப் பேணும் கைகளையும் உடன் தெரிதல் வேண்டும். திறப்பு விழா நாளில் எந்தத் தரையும் அழகாகவே தோன்றும். பத்தாவது மாரியிலும் ஒரு மூதாட்டி அச்சமின்றி அதன்மேல் நடந்து செல்வாராயின், அதுவே நல்ல நடைபாதை.